பூட்டுப் போட்ட மைக்

போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் ரெங்கம்மாவைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் சிரித்துப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. 2014 அக்டோபர் 5ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபத்திரண்டுக்கு ஒருவர் அவள் வாயை அடைத்தார். இருபத்தெட்டு நாள் கழித்து அவள் அதற்குப் பதில் கொடுத்தாள். அந்த இருபத்தெட்டு நாளில் அவள் ஒருநாளும் வேலைக்கு லீவு போடவில்லை, யாரிடமும் அழவில்லை, கோயிலுக்கும் போகவில்லை.

அவள் பிறந்தது 1963இல், இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில். பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் மண்டபம் முகாமுக்கு வந்தாள். மறு வருஷம் சென்னையில் கப்பலேறி, நிகோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் இறங்கினாள். தேயிலை கிள்ளிய வீட்டில் பிறந்தவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கற்றுக்கொண்டாள். பட்டையைக் கீறும்போது கத்தி மரத்தின் சதையில் படக்கூடாது. ஒரு நூல் ஆழம் கூடினாலும் மரம் புண்ணாகிவிடும். அவள் வெட்டிய மரம் எதுவும் புண்ணானதில்லை என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளையே சொல்வார்.

1982இல் நல்லதம்பிக்கு வாழ்க்கைப்பட்டாள். தோட்டத்து ஸ்டோரில் மூட்டை தூக்க வந்த நல்லதம்பி, கூடவே வயர்லெஸ் செட்டைப் பிடிக்கவும் பழகிக்கொண்டவர். படகுத்துறைக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் செட் அறை இருந்தது. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் தீவு தீவாகப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட தீவு மட்டும்தான் பேச வேண்டும். மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால், ‘சொல்ல ஒன்றும் இல்லை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த தீவுக்குப் போய்விடுவார்கள். சோறு கொண்டுபோகும் ரெங்கம்மா அதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து கேட்டுப் பழகியவள்.

2004 டிசம்பரில் தங்கை இந்திராணியின் பிரசவத்துக்காக அவள் போர்ட் பிளேர், பத்துபஸ்திக்கு வந்திருந்தாள். நல்லதம்பி 24ஆம் தேதியிலிருந்து லீவில், அடுத்த கப்பலுக்காகக் கச்சாலில் காத்திருந்தார். அந்த வாரம் அவருக்குப் பதிலாகச் செட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஸ்டோர் அதிகாரி சந்திரசேகர். ராமநாதபுரத்துக்காரர், மெயின்லேண்டிலிருந்து நேராக உத்தியோகத்துக்கு வந்தவர்.

26ஆம் தேதி காலை கடல் வந்தது. செட் அறை இருந்த இடத்தில் அஸ்திவாரம் மட்டும் மிஞ்சியது. நல்லதம்பியின் உடல் கிடைக்கவில்லை. மேட்டுக்கு ஓடிய நூற்றுப் பதினாறு பேரை 28ஆம் தேதி ஒரு சரக்குக் கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது. அந்தக் கப்பல் எப்படி அவ்வளவு சரியாக அந்தப் பக்கம் வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. உயிரோடு ஏறியதே பெரிது.

ரெங்கம்மா கச்சாலுக்குத் திரும்பவில்லை. போர்ட் பிளேர் பக்கத்தில் சிப்பிகாட்டில் ஒரு நாற்றுப் பண்ணையில் ஒட்டுக் கட்டும் வேலை கிடைத்தது. டாலிகஞ்சில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். சந்திரசேகரும் போர்ட் பிளேருக்கு வந்து காண்ட்ராக்டரானார். 2008இல் கச்சால் குடும்பங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, அன்றிலிருந்து அவரே தலைவர். எல்லாருக்கும் சேகர் சார். சாவு வீட்டுக்கு முதலில் வருவார், கல்யாண வீட்டில் கடைசியில் போவார். ரெங்கம்மாவுக்கும் அவர் மேல் அப்போது வருத்தம் ஒன்றும் இல்லை.

2009இல் ஒருநாள் போர்ட் பிளேர் படகுத்துறையில் உதயசூரியன் என்பவர் அவளைத் தேடி வந்தார். அந்தச் சரக்குக் கப்பலில் செட் பார்த்தவர். ஓய்வு பெற்று ஊருக்குப் போகும் முன் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று, கப்பலின் வயர்லெஸ் செய்திகளை எழுதும் லாக் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நகல் எடுத்துக் கொண்டுவந்திருந்தார். அதில் ஆங்கிலத்தில் நான்கு வரி. அவரே தமிழில் படித்துச் சொல்ல, ரெங்கம்மா எழுதிக்கொண்டாள்.

காலை 6.52: கச்சால் தோட்டத்து செட். பேசுவது நல்லதம்பி. லீவில் இருக்கிறேன். ட்யூட்டியில் இருந்தவர் போய்விட்டார், அறை திறந்து கிடந்தது.

6.54: கடல் உள்ளே வருகிறது. ஜனங்கள் மேட்டுக்குப் போகிறார்கள். மேற்குப் பக்கம் வாருங்கள், கிழக்கில் துறை இல்லை.

6.57: தண்ணீர் மேசைக்கு வந்துவிட்டது.

6.58: அழைத்தோம். பதில் இல்லை.

ரெங்கம்மா அதை மடித்து ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டாள். ட்யூட்டியில் இருந்தவர் யார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஐந்து வருஷம் அவள் அதை யாரிடமும் காட்டவில்லை. ஓடாதவர் யார் என்று நினைத்திருக்கலாம்.

2014 செப்டம்பரில் சங்கம் கடல் வந்த பத்தாம் ஆண்டுக்கு நினைவு மலர் போட ஏற்பாடு செய்தது. எழுதியவர் தலைவர். அச்சுக்குப் போகும் முன் எல்லாக் குடும்பத்துக்கும் படி அனுப்பினார்கள். நாற்பத்தேழாம் பக்கத்தில், பதினோராவது வரியில் இப்படி இருந்தது: ‘செட்டைக் கவனிக்க வேண்டிய நல்லதம்பி அறையை விட்டுப் போய்விட்டதால், எச்சரிக்கை கிடைக்காமல் பல உயிர்களை இழந்தோம்.’

அந்த வரியை ரெங்கம்மா நின்றுகொண்டே படித்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். அன்று சமையல் நடக்கவில்லை.

சங்கத்துக் கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு. உறுப்பினர்கள் ஹட்பே, ரங்கத், கேம்ப்பெல் பே, கச்சால், சென்னை என்று ஏழு ஊர்களில் சிதறிக் கிடந்தார்கள். கப்பலை நம்பிக் கூட்டம் போட ஏலாது. 2012இலிருந்து கம்ப்யூட்டரில் குரல் மட்டும் கேட்கும் ஒரு குழுப்பேச்சு மென்பொருளில் கூடினார்கள். தீவின் நெட்டுக்குப் படம் தாங்காது. திரையில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். பேசுபவர் பெயர் பச்சையாக ஒளிரும். யாராவது வாய் அடைபட்டிருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மைக் படம், குறுக்கே கோடு. செட் காலத்துப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்திருந்தார்கள்: தலைவர் பெயர் கூப்பிடுவார், கூப்பிட்டவர் பேசுவார். மூன்று முறை கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால் ‘ஆட்சேபணை இல்லை’ என்று செயலாளர் விசாலாட்சி டீச்சர் எழுதிக்கொள்வார். கரண்டும் நெட்டும் போய்ப் போய் வரும் ஊரில் வேறு எப்படிக் கூட்டத்தை முடிப்பது?

அக்டோபர் 5ஆம் தேதி, டாலிகஞ்சில் சுதா நடத்தும் நெட் சென்டரில் உட்கார்ந்திருந்த ரெங்கம்மா, தலைவர் தன் பெயரை முதல் தடவை கூப்பிட்டதும் லாக் பக்கத்தைப் படித்தாள். நிதானமாக, நேரத்தோடு, நாலு வரியையும் படித்தாள். படித்துக்கொண்டிருக்கும்போதே காதில் மறுபடி தலைவரின் குரல் கேட்டது.

“ரெங்கம்மா.” கொஞ்ச நேரம் விட்டு, “ரெங்கம்மா, கடைசித் தடவை. சரி, பதில் இல்ல. ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்குங்க டீச்சர்.”

நெட் போய்விட்டது போலும் என்று அவள் நினைத்தாள். ஆனால் அடுத்த பெயரும் அடுத்த குரலும் தெளிவாகக் கேட்டன. தன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மைக், கோடு, கீழே ஒரு குட்டிப் பூட்டு இருப்பதைப் பார்த்தாள். என்னவென்று தெரியவில்லை. தெரியாததை அவள் அப்படியே நோட்டில் வரைந்துகொண்டாள், பக்கத்தில் நேரமும் போட்டாள்.

மாலையில் ஹட்பேயிலிருந்து நல்லதம்பியின் அண்ணன் பெரியதம்பி போன் செய்தார். எழுபது வயது. நேரில் பேசினாலே உரக்கப் பேசுபவர் அன்று மெதுவாகப் பேசினார்.

“நீயே மைக்க அணைச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியேம்மா. குறி தெரிஞ்சிச்சே. அவன் ஓடிட்டான்னு நீயும் நம்புறியா?”

“நான் படிச்சேன் அத்தான்.”

“எங்க படிச்ச? ஒருத்தருக்கும் கேக்கலியே.” சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சந்திரசேகர் எழுதிய வரியை அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் அந்த வரிக்கு அவளே சம்மதித்தாள் என்று ஏழு ஊர்க்காரர்களும் நம்பினார்களே, அதை அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் வேலை விட்டு வந்ததும் சுதாவிடம் நோட்டைக் காட்டினாள். சுதா முப்பத்தாறு வயதுக்காரி. சங்கத்துக்குக் கம்ப்யூட்டரில் அந்தக் குழு அறையைத் திறந்துகொடுத்து, யாருக்கு என்ன அதிகாரம் என்று போட்டுவைத்தவள் அவள்தான். ஆனால் குறிகளை அவளும் கவனித்ததில்லை.

“நெட் நேத்து டீக்தான், ஒழுங்காத்தான் இருந்திச்சு அக்கா. மியூட்னா மியூட், பஸ், அவ்வளவுதான். இதுல என்ன பல வகை?”

“பல வகையா இல்லியான்னு பாத்திருவம். நீ அந்த மெஷின்ல உக்காரு, நான் இதுல.”

பண்ணையில் புதிய ஒட்டு பிடிக்குமா என்று பார்க்க, ஒரே நாளில் நாலு விதமாகக் கட்டி வைப்பார்கள். ரெங்கம்மா இதையும் அப்படித்தான் செய்தாள். மூன்று கம்ப்யூட்டர், மூன்று பெயர். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, யார் திரையில் என்ன தெரிகிறது, யார் காதில் என்ன கேட்கிறது என்று கட்டம் போட்டு எழுதினாள். நாலு சாயங்காலம் ஆயிற்று. கண்டது இதுதான்.

சிவப்பு மைக்கில் கோடு மட்டும் இருந்தால், அவரே அணைத்தது, அவரே திறக்கலாம். கோட்டோடு பூட்டும் இருந்தால், அறையை நிர்வகிப்பவர் அடைத்தது. அவர் பேசுவது யாருக்கும் போகாது, அவராகத் திறக்கவும் முடியாது. ஹெட்போன் படத்தில் கோடு இருந்தால், அவர் பேசலாம், ஆனால் அவருக்கு எதுவும் கேட்காது. நாலாவதுதான் வேடிக்கை. சாம்பல் நிறத்தில் ஒரு மைக், கோடு. இது என் கம்ப்யூட்டரில் நான் மட்டும் அவரைக் கேட்காமல் செய்துகொண்டது. இந்தக் குறி என் திரையில் மட்டும் தெரியும். அவருக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது. உலகமே அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும், என்னைத் தவிர.

சுதாவுக்கு நாலாவதை நம்ப முடியவில்லை. மறுபடி செய்து பார்த்தாள். “அரே, இது சும்மா காதுல பஞ்சு வச்ச மாதிரி.”

“அதே பொத்தானத்தான் சேகர் சாரும் அமுத்துவாரா?”

“நிர்வாகின்னா பூட்டுப் போடுற பொத்தான் வரும். சாதா ஆளுன்னா அதே எடத்துல இந்தச் சாம்பல் பொத்தான்தான் வரும். ரெண்டுக்கும் பேரு மியூட்தான். பாத்தா ஒண்ணு மாதிரிதான் இருக்கும்.”

ரெங்கம்மா அதையும் எழுதிக்கொண்டாள்.

அக்டோபர் 19ஆம் தேதி ரங்கத்திலிருந்து செயலாளர் விசாலாட்சி டீச்சர் போர்ட் பிளேருக்கு வந்தபோது, ரெங்கம்மா லாக் பக்கத்தையும் குறிகளின் கட்டத்தையும் காட்டினாள். டீச்சர் இரண்டு முறை படித்தார். பூட்டை அவரும் பார்த்திருந்தார். பார்த்தும் ரெங்கம்மாவே அணைத்துக்கொண்டதாக நினைத்து ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிவிட்டோமே என்று கூசினார். அந்த வரியை அச்சகத்தில் சொல்லித் தானே எடுத்துவிடுவதாகவும், தலைவரிடம் தனியாகப் பேசி முடித்துவிடலாம் என்றும் சொன்னார். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்திருக்கும்.

“வேண்டாம் டீச்சர்,” என்றாள் ரெங்கம்மா. “ஏழு ஊரு கேக்க என்னைய ஊமையாக்கினாரு. அத நீங்க தனியா அவர் காதுல சொல்லி முடிக்க ஏலாது. அடுத்த மாசம் ரெண்டாந்தேதி கூட்டம் வரைக்கும் நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி இருங்க.”

டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

சந்திரசேகர் மாதக் கடைசியில் வேலையாகச் சென்னை போனார். அங்கே மகள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபோது பழைய பாஸ்வேர்ட் நினைவுக்கு வரவில்லை. சுதாவுக்குப் போன் செய்து புதுப் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கச் சொன்னார். சுதா தொடங்கிக் கொடுத்தாள். சாதாரண உறுப்பினர் கணக்கு. சாயங்காலம் ரெங்கம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு விரலைப் பிசைந்தாள்.

“நிர்வாகி அதிகாரத்த இதுக்கு மாத்தணுமே அக்கா?”

“அவரு கேட்டாரா?”

“கேக்கல. அவருக்கு அதெல்லாம் தெரியாது.”

“கேட்டா குடு. கேக்காதத ஏன் குடுக்கிற?”

“இது ஏமாத்து இல்லியா?”

“நான் அவரு கையப் புடிச்சு அமுத்தப் போறதில்ல. அவரு நல்லவரா இருந்தா அந்தப் பொத்தானையே தொட மாட்டாரு. தொடலன்னா நான் படிப்பேன், அவரும் கேப்பாரு. அம்புட்டுத்தான்.”

சுதா அதிகாரத்தை மாற்றவில்லை.

நவம்பர் 2ஆம் தேதி, ஞாயிறு. பதினோரு மணிக்குக் கூட்டம் கூடியது. பத்தொன்பது பெயர்கள். முதல் விஷயம் மலரின் இறுதிச் சம்மதம். தலைவர் ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டு வந்தார். பதினொன்று பதினேழுக்கு டாலிகஞ்ச் முறை வந்தது.

“டாலிகஞ்ச், ரெங்கம்மா,” என்றார்.

ரெங்கம்மா பேசத் தொடங்கினாள். தன் பெயர் பச்சையாக ஒளிர்வதைப் பார்த்தாள். பூட்டு இல்லை. கோடு இல்லை. அவர் பொத்தானைத் தொட்டாரா இல்லையா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. முதல் வரியைப் படித்தாள்.

“காலைல ஆறு அம்பத்திரண்டு. கச்சால் தோட்டத்து செட். பேசுறது நல்லதம்பி. லீவில இருக்கிறேன்.”

“ரெங்கம்மா,” என்றார் தலைவர், இரண்டாம் முறை.

அப்போது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வரிக்குப் போனாள்.

“ட்யூட்டில இருந்தவர் போய்ட்டார், அறை தெறந்து கெடந்துச்சு. அந்த வாரம் ட்யூட்டி யாருக்குன்னு ஸ்டோர்ல வேல பாத்த எல்லாருக்கும் தெரியும். சந்திரசேகர் சாருக்கு.”

“ரெங்கம்மா, கடைசித் தடவை கூப்பிடுறேன்,” என்றார் சந்திரசேகர். குரலில் அலுப்புக்கூட இருந்தது. “பதில் இல்ல. போன மாசம் மாதிரியேதான். டீச்சர், ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்குங்க.”

பதினெட்டு பேரும் இரண்டு குரலையும் கேட்டார்கள். செட் ஒழுங்குப்படி கூப்பிடாதவர் பேசக்கூடாது. ஆனால் கேம்ப்பெல் பே அழகையா, அன்று கப்பலேறிய நூற்றுப் பதினாறு பேரில் ஒருவர், ஒழுங்கை மறந்துவிட்டார்.

“தலைவரே, அந்தம்மா பேசிக்கிட்டுத்தானே இருக்கு?”

“யார் பேசுறா? லைன்ல ஒரு சத்தமும் இல்ல. அவங்களே மைக்க அணைச்சு வச்சிருக்காங்க. பேருக்குப் பக்கத்துல குறி இருக்கு, நீங்களே பாருங்க.”

“எங்களுக்குக் குறி ஒண்ணும் இல்லியே சேகர் சார்.” இது பெரியதம்பி, ஹட்பேயிலிருந்து. இந்த முறை வழக்கமான உரத்த குரல். “அவ பேசுறா. உங்களப் பத்தித்தான் பேசுறா. நீங்க கேக்கலன்னா கேட்டுட்டு வாங்க.”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். யார் என்று பதிவில் இல்லை.

சென்னையில் அவர் எதை அழுத்தினாரோ, அரை நிமிஷம் பிடித்தது. அதற்குள் ரெங்கம்மா நாலு வரியையும் படித்து முடித்து, நோட்டின் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தாள். அவருக்குக் காது திறந்தபோது அவள் குறிகளை விளக்கிக்கொண்டிருந்தாள்: கோடு மட்டும் இருந்தால் யார் அணைத்தது, பூட்டு இருந்தால் யார் அடைத்தது, சாம்பல் நிறம் யார் திரையில் மட்டும் தெரியும். பிறகு, அக்டோபர் 5ஆம் தேதி தன் பெயரோடு பூட்டைப் பார்த்தவர்கள் சொல்லலாம் என்றாள். ரங்கத் பார்த்தது. ஹட்பே பார்த்தது. கேம்ப்பெல் பே பார்த்தது. அந்த அறையில் பூட்டுப் போடும் அதிகாரம் அன்று ஒருவருக்குத்தான் இருந்தது என்பதைச் சுதா சொன்னாள்.

“இப்ப கேக்குதா தலைவரே?” என்றாள் ரெங்கம்மா.

அவர் பெயர் பட்டியலில் இருந்தது. பச்சை ஒளிரவில்லை. பிறகு பெயரே மறைந்தது.

டீச்சர் எழுதினார்: ‘தலைவர் 11.26க்கு வெளியேறினார்.’ நாற்பத்தேழாம் பக்கம் திருத்தப்பட வேண்டும் என்று பதினெட்டுப் பேரும் வாய்விட்டுச் சொன்னார்கள். லாக் பக்கம் முழுதாக அச்சாக வேண்டும் என்பதையும் ஒத்துக்கொண்டார்கள். அதோடு ரெங்கம்மா இன்னொன்று கேட்டாள். ட்யூட்டியில் இருந்தவர் பெயரும் அச்சாக வேண்டும், அதை அவரே எழுதித் தர வேண்டும். டீச்சர் தயங்கினார், இவ்வளவு போதாதா என்று கேட்டார். போதாது என்றாள்.

நவம்பர் 13ஆம் தேதி, வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்து பத்துக்குச் சந்திரசேகர் டாலிகஞ்சுக்கு வந்தார். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். ரெங்கம்மா பண்ணையிலிருந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். குடிக்க ஒன்றும் கொடுக்கவில்லை.

பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அன்று பயத்தில் போனது உண்மை, செட்டைத் தூக்கிப் பேச வேண்டும் என்றே தோன்றவில்லை என்றார். பத்து வருஷமாகத் தூங்கவில்லை என்றார். மகளின் மாமனார் வீட்டார் மலரைப் படிப்பார்கள் என்றார்.

“ஓடினதுக்கு நான் ஒண்ணுமே சொல்லலியே,” என்றாள் ரெங்கம்மா. “அஞ்சு வருஷம் அந்தக் காகிதம் என்கிட்டத்தான் இருந்துச்சு. ஒருத்தர்கிட்டயாவது காட்டினேனா? உங்க ஓட்டத்த நீங்க அவரு தலையில வச்சீங்க. அப்புறம் அதுக்கு என்கிட்டயே சம்மதம் வாங்கினீங்க. எழுதுங்க சார்.”

நோட்டையும் பேனாவையும் முன்னால் வைத்தாள். அவர் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். ‘2004 டிசம்பர் 26 அன்று செட் ட்யூட்டியில் இருந்தவன் நான். அறையை விட்டுப் போனவன் நான். லீவில் இருந்த நல்லதம்பி காலை சுமார் ஏழு மணிக்கு வந்து, தண்ணீர் மேசைக்கு ஏறும் வரை பேசினார். நாங்கள் பிழைத்தது அதனால்.’ கீழே கையெழுத்து, தேதி. ‘காலை சுமார் ஏழு மணிக்கு’ என்று ஓரிடத்தில் இருந்தது. அதை அடித்து 6.52 என்று எழுதச் சொன்னாள். அடித்து எழுதி, அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

“இப்ப திருப்திதானே?”

“படிங்க,” என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுப்பாகப் படித்தார். அறை சின்னது. அவள் எதிரே இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொல்கூடத் தவறவில்லை.

“கேக்கல,” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் அவர் தேடியது எதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் உரக்கப் படித்தார்.

ரெங்கம்மா எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்து வைத்தாள். தெருவில் எதிர்க்கடையில் பால் வாங்க நாலு பேர் நின்றிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். அவள் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

“கேக்கல சார்,” என்றாள். “மொதல்ல இருந்து படிங்க.”